கட்டி என்கிற ஒரே சொல்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தஞ்சாவூர் மாவட்டம் முடிந்து புதுக்கோட்டை மாவட்டம் தொடங்கும் இடத்தில் கட்டுமாவடி இருக்கிறது. பாக் நீரிணையில் பிடிபடும் மீனும் நண்டும் இறாலும் இங்கே ஏலத்துக்கு வருகின்றன. ஏலம் முகத்துக்கு முகம் பார்த்து நடக்கிற தொழில். கண் ஜாடை, தலையாட்டல், ஒரு சின்னச் சிரிப்பு எல்லாமே அங்கே விலை பேசும். கன்னத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கமோ, மூக்குத் துளையைப் பிதுக்கிக்கொண்டு ஒரு சிவந்த சதையோ வந்துவிட்டால், அந்தக் கூட்டத்தில் நிமிர்ந்து நிற்பது கடினம். துண்டு தோளிலிருந்து கன்னத்துக்கு ஏறும், சேலைத் தலைப்பு வாயை மறைக்கும், பள்ளிப் பிள்ளை கடைசி பெஞ்சுக்கு நகர்ந்துகொள்ளும்.

என்னவென்று கேட்டால் வீட்டார் சொல்லும் பதில் ஒன்றுதான்: "கட்டிங்க. கத்தி வச்சா பரவிடும்னு சொன்னாங்க, அப்படியே விட்டுட்டோம்."

தமிழில் 'கட்டி' என்ற சொல் மிகவும் தாராளமானது. கொழுப்புக் கட்டி, நீர்க்கட்டி, ரத்தக் கட்டி, புற்றுக் கட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். முகத்தில் வரும் மென்திசு வளர்ச்சிகளில் ஒன்றைத் தொடாமல் விட்டாலே கரையும். இன்னொன்றுக்கு ஆறு மாத மாத்திரை போதும். வேறொன்றுக்கு ஊசி மருந்து, மற்றொன்றுக்குக் கத்தி. நாள் கடத்தினால் உயிருக்கே ஆபத்தானதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இவை ஒரே மாதிரி இருக்கலாம். முகத்தைச் சீராக்கும் அறுவை சிகிச்சையில் கத்தி கடைசிப் பகுதிதான். அந்த வளர்ச்சிக்குச் சரியான பெயர் சூட்டும்போதே பாதி சிகிச்சை முடிந்துவிடுகிறது. முகம் கெட்டுப்போன பல கதைகளில் அறுவை தவறியதைவிடப் பெயர் தவறியதே அதிகம்.

பச்சிளங் குழந்தையிலிருந்து தொடங்கலாம். பிறந்து சில வாரங்களில் நெற்றியிலோ கன்னத்திலோ கண்ணிமையிலோ செக்கச்செவேலென்று ஒரு புள்ளி தோன்றி, மாதத்துக்கு மாதம் பெருத்து, பழுத்த பழம் போலப் புடைத்து நிற்கும். குழந்தை ரத்தநாளக் கட்டி என்று இதற்குப் பெயர். நூறு குழந்தைகளில் நாலைந்துக்கு வருவது இது. முதல் ஐந்து மாதங்களில் வேகமாக வளரும், ஒரு வயதுக்குப் பிறகு மெல்லச் சுருங்கும், பள்ளி வயதில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் இமை மேல் வந்தால் பார்வையைக் கெடுக்கும், தாடைப் பக்கம் படர்ந்தால் மூச்சுக்குழலையும் தாக்கியிருக்கலாம், உதட்டில் வந்தால் புண்ணாகி வடு விட்டுப்போகும்.

2008ஆம் ஆண்டு வரை இதற்கு ஸ்டீராய்டு, இல்லாவிட்டால் கத்தி. அந்த ஆண்டு பிரான்சின் போர்தோ நகரில் கிறிஸ்டின் லியோதே-லாப்ரேஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் தற்செயலாகக் கண்ட ஒன்றை வெளியிட்டார்கள். இதயக் கோளாறுக்காக ஒரு குழந்தைக்கு புரோப்ரனலால் கொடுத்தபோது, முகத்திலிருந்த ரத்தநாளக் கட்டி வெளிறிச் சுருங்கத் தொடங்கியது. ரத்தக் கொதிப்புக்கும் படபடப்புக்கும் பல ஆண்டுகளாகக் கொடுத்துவந்த மலிவான மருந்து அது. இன்று உலகம் முழுவதும் இந்த நோய்க்கு முதல் சிகிச்சை அதுவே. இதயத்துடிப்பும் ரத்தச் சர்க்கரையும் குறையக்கூடும் என்பதால் மருத்துவர் கண்காணிப்பில்தான் தர வேண்டும். கட்டி வளரும் அந்த முதல் மாதங்களுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். "பெரிசானா தானா போயிடும்" என்று பாட்டி சொல்வது பாதி உண்மை. கண்ணுக்கும் மூக்குக்கும் அருகில் வந்த கட்டிக்கு அந்தப் பாதி போதாது.

பிறவியிலேயே இருந்து, சுருங்காமல், ஆளோடு சேர்ந்து வளரும் ரத்தநாள அமைப்புக் கோளாறு வேறு வகை. அமெரிக்க மருத்துவர் ஜான் முல்லிக்கனும் ஜூலி குளோவாக்கியும் 1982இல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும்வரை இரண்டையும் ஒரே பெயரில் அழைத்துக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். குனிந்தால் வீங்கி நிமிர்ந்தால் வடியும் நீலக் கட்டி சிரை சார்ந்தது. அதற்குள் ஊசி வழியாக மருந்து செலுத்திச் சுருங்கவைப்பார்கள், மிச்சமிருப்பதையே வெட்டுவார்கள். தொட்டால் துடிக்கும் கட்டி தமனி சார்ந்தது. ரத்தநாளத்துக்குள் குழாய் விட்டு ரத்த வரத்தை அடைக்காமல் அதில் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. கட்டியின் மேல் விரலை வைத்துத் துடிப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த நிமிடத்தைச் செலவழிக்காமல் வெட்டத் துணிபவரிடம் முகத்தைக் கொடுக்கக் கூடாது.

இனி தெற்கத்தி ஊர்களில் மிகுதியாக வரும் ஒரு நோய். புதுக்கோட்டைச் சீமை குளத்துக்கும் கண்மாய்க்கும் ஊருணிக்கும் பேர்போனது. மனிதன் குளிக்கும் தண்ணீரில்தான் மாடும் குளிக்கும். அந்தத் தேங்கிய நீரிலிருந்து வருகிறது ரைனோஸ்போரிடியோசிஸ். ஊரில் "மூக்குல சதை வளருது" என்பார்கள். மூக்குக்குள் செந்நிறச் சதை, அதன் மேல் வெண்புள்ளிகள், பார்த்தால் ஸ்ட்ராபெர்ரிப் பழம் போலிருக்கும். தொட்டால் ரத்தம் வரும். விட்டால் துளையை அடைத்து வெளியே தொங்கும், மூக்கின் வடிவையே மாற்றும், சிலருக்குக் கண்ணின் உட்புறத்திலும் முளைக்கும். உலகில் இந்த நோய் மிகுதியாகக் காணப்படும் பகுதிகள் தென்னிந்தியாவும் இலங்கையும்.

1900இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரில் கில்லர்மோ சீபர் இதை முதலில் விவரித்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே கல்கத்தாவிலிருந்தும் இது பதிவானது. 1923இல் ஆஷ்வொர்த் இந்தக் கிருமியை ஒரு பூஞ்சை என்று கருதி இன்றைய பெயரைச் சூட்டினார். முக்கால் நூற்றாண்டு அது பூஞ்சையாகவே பாடநூல்களில் இருந்தது. 1990களின் இறுதியில் மரபணுவை ஆராய்ந்தபோது, மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணிக் கூட்டத்துக்கு இது நெருங்கிய உறவு என்று தெரிந்தது. பூஞ்சைக்கான மருந்துகள் இதில் ஏன் வேலை செய்யவில்லை என்ற கேள்விக்கும் அதில் ஓரளவு விடை கிடைத்தது.

ஆகவே இங்கே கத்திதான் மருந்து. காது மூக்கு தொண்டை மருத்துவர் எண்டோஸ்கோப்பின் உதவியோடு சதையை அடியோடு எடுத்து, அது முளைத்த இடத்தை மின்சூட்டால் தீய்த்துவிட வேண்டும். அடி மிஞ்சினால் மறுபடி வரும். எடுக்கும்போது சிந்தும் ஸ்போர்கள் வேறிடத்திலும் முளைக்கக்கூடும் என்பதால் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. திரும்ப வராதிருக்கச் சில மாதங்களுக்கு டாப்சோன் மாத்திரை கொடுக்கும் வழக்கமும் உண்டு. அது தொழுநோய்க்குக் கொடுக்கப்பட்டுவரும் பழைய மாத்திரை. நூல் கட்டி இழுப்பது, காரம் வைத்து எரிப்பது போன்ற வைத்தியத்துக்குப் போய்விட்டு வருபவர்களுக்கு மூக்கின் ஓரம் வெந்து, சதையோடு வடுவும் சேர்ந்துகொள்ளும். பிறகு அறுவை மருத்துவர் இரண்டையும் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

இந்த நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதாகச் சான்று இல்லை. தனித் தட்டு, தனித் தம்ளர் தேவையில்லை. நோய் கண்டவர் குளத்தில் முங்கிக் குளிப்பதை விட்டுக் குழாய்த் தண்ணீருக்கு மாறுவதுதான் தேவை. தெருக்குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வராத ஊரில் அது சுலபமான அறிவுரை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

காதுக்குக் கீழே, தாடை வளையும் இடத்தில் வலியில்லாமல் மெல்ல வளரும் உருண்டை வேறு கதை. அங்கே இருப்பது பரோடிட் என்னும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பி. உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் இந்தச் சுரப்பியில்தான் வருகின்றன, அவற்றிலும் ஏறத்தாழ 80 சதவீதம் புற்றல்லாதவை. இவ்வளவு நல்ல செய்திக்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. முகத்தை அசைக்கும் நரம்பு மண்டையோட்டிலிருந்து வெளியேறி, இந்தச் சுரப்பிக்குள் நுழைந்துதான் ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. நெற்றி சுருக்குவது, கண் மூடுவது, சிரிப்பது, உதட்டைக் குவிப்பது எல்லாம் அந்தக் கிளைகளின் வேலை. நூல் பருமன் உள்ள ஒரு கிளை அறுந்தால் வாய் கோணும், கண் மூடாது.

இந்தக் கட்டியைக் கொழுப்புக் கட்டி என்று நினைத்து, மரத்துப்போகும் ஊசி போட்டுத் தோண்டி எடுப்பது இன்றும் நடக்கிறது. சுற்றியுள்ள மெல்லிய உறை கிழிந்து, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் அங்கேயே தங்கிவிடும். ஐந்து, பத்து ஆண்டுகள் கழித்து ஒன்று இருந்த இடத்தில் பத்து முளைத்து நிற்கும். அப்போது நரம்பைக் காப்பாற்றுவது மிகக் கடினம். முறையான வழியில் முதலில் மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துப் பரிசோதிப்பார்கள், ஸ்கேன் எடுப்பார்கள். பிறகு முழு மயக்கத்தில், காதுக்கு முன்னால் தொடங்கிக் கழுத்துச் சுருக்கத்துக்குள் மறையும் கீறல் போட்டு, முதலில் நரம்பைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் மேலிருந்து சுரப்பியை உரித்தெடுப்பார்கள். மூன்று, நான்கு மணி நேரம் ஆகலாம். சிலருக்குப் பின்னாளில் சாப்பிடும்போது கன்னத்தில் வியர்க்கும், அதுவும் அறிந்த விளைவுதான். காதுமடல் சில மாதம் மரத்திருக்கும். ஆனால் சிரிப்பு நேராக இருக்கும்.

கழுத்தோரம் வரும் எல்லா உருண்டைக்கும் இது பொருந்தாது. பழைய வைத்தியம் கண்டமாலை என்று அழைத்த நெறிக்கட்டி வரிசை, பெரும்பாலும் காசநோய். அதற்கு அரசு இலவசமாகத் தரும் ஆறு மாத மாத்திரைதான் சிகிச்சை, மாதிரி எடுப்பதற்கு மட்டுமே கத்தி. காது குத்திய இடத்தில் புடைத்து வளரும் கெலாய்டு தழும்பு நேர் எதிர். வெறுமனே வெட்டினால் முன்னைவிடப் பெரிதாக வரும். வெட்டியபின் ஸ்டீராய்டு ஊசியும் அழுத்தக் கிளிப்பும் தொடர வேண்டும், சிலருக்குக் கதிர்வீச்சும் தேவைப்படும். கருநிறத் தோலில் இது கூடுதலாக வரும் என்பதால் நம் ஊர்த் தோல் மருத்துவர்களுக்கு நன்கு பழகிய தொல்லை.

மிகக் கடினமான முகங்கள் நியூரோஃபைப்ரோமாடோசிஸ் நோயாளிகளுடையவை. நரம்பைச் சுற்றியுள்ள உறையில் வளரும் கட்டிகள் இவை. 1882இல் ஜெர்மன் நோய்க்குறியியல் அறிஞர் ஃபிரெட்ரிக் ஃபான் ரெக்லிங்ஹௌசன் இதை விவரித்தார். ஏறத்தாழ 3,000 பேரில் ஒருவருக்கு இந்த மரபணுக் கோளாறு உண்டு. பாதிப் பேருக்குப் பெற்றோரிடமிருந்து வருகிறது, மீதிப் பாதிக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகத் தோன்றுகிறது. தாயின் மேலோ கிரகணத்தின் மேலோ பழி போடுவதற்கு இதில் எந்த இடமும் இல்லை. குழந்தையின் உடம்பில் பால் கலந்த காபி நிறத்தில், 5 மில்லிமீட்டருக்கு மேல், ஆறு புள்ளிகளோ அதற்கு அதிகமாகவோ தென்பட்டால் மருத்துவரிடம் காட்ட அதுவே போதுமான காரணம்.

பலருக்கு உடம்பெங்கும் சிறு முடிச்சுகளோடு நின்றுவிடும். சிலருக்கு முகத்தின் ஒரு பாதியில் புழுக்கள் பின்னிக்கொண்டது போன்ற பெருங்கட்டி வளர்ந்து, இமையையும் கன்னத்தையும் உதட்டையும் கீழே இழுத்துவிடும். அந்தக் கட்டிக்கு எல்லை கிடையாது. நரம்பும் தசையும் தோலும் அதனுள் கலந்திருக்கும், ரத்தநாளங்கள் மெலிந்து எளிதில் கிழியும். முழுவதையும் எடுத்தால் முகமே போய்விடும் என்பதால், ரத்தம் தயாராக வைத்துக்கொண்டு, பல தவணைகளில் பாரத்தைக் குறைத்து, தொங்கும் தோலைத் தூக்கித் தைத்து, கண்ணையும் வாயையும் முடிந்தவரை அவற்றின் இடத்தில் நிறுத்துவதே அறுவை மருத்துவரின் வேலை. மறுபடி வளரும் என்பதை நோயாளியிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வலி கூடினாலோ வேகமாகப் பெருத்தாலோ உடனே வரச் சொல்ல வேண்டும். இத்தகைய கட்டி உள்ளவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் அது புற்றாக மாறக்கூடும்.

2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு செலுமெடினிப் என்ற மாத்திரைக்கு ஒப்புதல் தந்தது. அறுவைக்கு வழியில்லாத இந்தக் கட்டிகளுக்கு வந்த முதல் மருந்து அது. சோதனையில் பங்கெடுத்த 50 குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேல் கட்டியின் கன அளவு குறைந்தது 20 சதவீதம் சுருங்கியது. விலைதான் மலையாக நிற்கிறது. மறுபக்கம் பிரான்சில் லாரன்ட் லான்டியெரி என்ற அறுவை மருத்துவர் இந்த நோயால் முகம் சிதைந்தவர்களுக்கு முழு முகத்தையே மாற்றிப் பொருத்தினார். அப்படி 2010இல் முகம் பெற்ற ஒருவருக்கு, உடல் அதை ஏற்காததால் 2017 இறுதியில் அகற்ற நேர்ந்தது. முகமே இல்லாமல் மருத்துவமனையில் காத்திருந்து, 2018 ஜனவரியில் மூன்றாவது முகத்தைப் பெற்றார். எத்தனை பெரிய சாதனை, ஆயுள் முழுக்க எத்தனை மாத்திரை.

லண்டனில் 'யானை மனிதன்' என்று காட்சிக்கு வைக்கப்பட்ட ஜோசப் மெரிக் 1890இல் இறந்தார். அவருக்கு இருந்தது இதே நோய் என்று உலகம் பல பத்தாண்டுகள் நம்பியது. 1986இல்தான் இரு கனடா மருத்துவர்கள், அது புரோட்டியஸ் நோய் என்னும் வேறொன்று என்று வாதிட்டார்கள், இன்று பெரும்பாலோர் அதையே ஏற்கிறார்கள். உலகமே பார்த்த முகத்துக்குக்கூடச் சரியான பெயர் சூட்ட நூறாண்டு ஆகியிருக்கிறது.

இனி, "கத்தி வச்சா பரவிடும்" என்ற அச்சம். அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. முற்றிய பிறகு வந்து, அரைகுறையாக வெட்டப்பட்டு, சில மாதங்களில் இறந்துபோன வாய்ப்புற்று நோயாளிகளை ஊர் பார்த்திருக்கிறது. கத்தி வந்த பிறகு சாவு வந்ததால் கத்தியே காரணம் என்று தோன்றிவிட்டது. புகையிலையும் வெற்றிலைச் சீவலும் தரும் புண்ணைத் தொடக்கத்திலேயே எல்லையோடு வெட்டி எடுத்தால் பலர் பிழைக்கிறார்கள். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து எழுப்பிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954 முதல் இயங்கிவருகிறது. இந்த மாவட்டத்து மக்கள் அந்த உறவைச் சொல்லிக்கொள்ளலாம்.

வெட்டி எடுத்த பள்ளத்தை நிரப்பும் கலையிலும் இந்த மண்ணுக்குப் பங்கு உண்டு. திப்பு சுல்தானுக்கு எதிரான போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கோவாஸ்ஜி சிறைபிடிக்கப்பட்டு மூக்கு அறுக்கப்பட்டார். நெற்றித் தோலைத் திருப்பி இறக்கிப் புது மூக்கு செய்துகொடுத்தார் புனே பகுதியைச் சேர்ந்த ஒரு கைவினைஞர். 1794இல் லண்டன் இதழொன்றில் அச்சான அந்தச் செய்தியைப் படித்துத்தான் ஜோசப் கார்ப்யூ 1814இல் இங்கிலாந்தில் அதே அறுவையைச் செய்தார். மூக்கில் புற்று வந்து வெட்டப்பட்டவர்களுக்கு இன்றும் நெற்றித் தோல் இறங்கி வருகிறது. கன்னமும் தாடையும் போனவர்களுக்கு முன்கைத் தோலையோ கால் எலும்பையோ ரத்தநாளத்தோடு எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் கழுத்து நாளத்தோடு இணைக்கிறார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த பிளாஸ்டிக் அறுவைத் துறை இந்தக் கலையைத் தமிழ்நாட்டில் பரவச் செய்த பள்ளிகளில் முதன்மையானது.

கட்டுமாவடியில் இருப்பவருக்கு இதெல்லாம் எவ்வளவு தூரம்? மணமேல்குடியிலும் அறந்தாங்கியிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும், 2023 முதல் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இயங்குகின்றன. வாய், தாடை, முக அறுவை என்பது பல் மருத்துவத்தின் ஒரு மேற்படிப்புத் துறை என்பது பலருக்குத் தெரியாது. கன்ன வீக்கத்தோடு பல் மருத்துவமனைக்குப் போவதில் பிழை ஒன்றுமில்லை. இன்னும் சிக்கலானவை தஞ்சாவூர், மதுரை, சென்னை என்று நகரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். பஸ் கட்டணம், உடன் வருபவரின் கூலி இழப்பு, சாப்பாடு ஆகியவற்றை எந்தத் திட்டமும் தருவதில்லை. நோயாளிகள் பாதியில் நின்றுபோவது அங்கேதான்.

தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு வேறொரு முட்டுக்கட்டை: "இது அழகுக்கான அறுவை." காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதியே அழகு அறுவையை விலக்கும்போது, விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பையும் மருத்துவ ரீதியாக அவசியமான சிகிச்சையையும் விலக்கக் கூடாது என்கிறது. கண்ணை மறைக்கும் கட்டி, மூச்சை அடைக்கும் சதை, புற்றாகக்கூடிய சுரப்பிக் கட்டி எல்லாம் அழகுப் பிரச்சினை ஆகாது. மருத்துவர் அதைச் சீட்டில் தெளிவாக எழுதித்தர வேண்டும், நோயாளி கேட்டு வாங்க வேண்டும்.

சட்டத்தில் இன்னொரு இடைவெளியும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. அமிலவீச்சில் முகம் சிதைந்தவர்களும் தொழுநோயிலிருந்து குணமானவர்களும் அதில் இருக்கிறார்கள். பிறவிக் கட்டியாலோ நியூரோஃபைப்ரோமாவாலோ முகம் சிதைந்தவர்களுக்கு அதில் தனி இடம் இல்லை. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் கடுமையான உருச்சிதைவையே ஊனமாக ஏற்கிறது. வேலை கேட்டுப் போய் முகத்தைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பப்படும் ஒருவருக்கு, சிதைவு எப்படி வந்தது என்பதில் என்ன வேறுபாடு? இந்தப் பட்டியலை விரிவாக்கக் கேட்பது நியாயமான கோரிக்கை.

பள்ளிப் பிள்ளைகளைப் பொறுத்தவரை வாசல் திறந்தே இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து பார்க்கிறது. அன்றைக்கு முகத்தை மறைத்துக்கொண்டு லீவு போடும் பிள்ளையை வீட்டுக்குப் போய் அழைத்து வருவது ஆசிரியரால் முடிகிற காரியம்.

பெரியவர்களுக்கு இந்தக் கரையில் ஒரு காலம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரும் முக அறுவை மருத்துவரும் அந்த நாட்களில் கட்டுமாவடியில் ஒரு முகாம் நடத்தினால், பரிசோதனை, அறுவை, ஐந்தாறு நாளில் முகத் தையல் பிரிப்பு எல்லாம் படகு இறங்குவதற்குள் முடிந்துவிடும். புதுத் தழும்பை வெயிலும் உப்புக்காற்றும் படாமல் சில வாரம் காப்பதற்கும் அவகாசம் இருக்கும். ஒன்றை மட்டும் வீட்டார் யாராவது குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். வெட்டி எடுத்த சதை ஃபார்மலின் புட்டியில் ஆய்வகத்துக்குப் போகிறது, அதன் அறிக்கை வரச் சில நாட்கள் ஆகும். தையல் பிரித்ததும் எல்லாம் முடிந்தது என்று ஊர் திரும்பி, அந்தத் தாளை வாங்காமலே விட்டுவிடுபவர்கள் நிறைய. கட்டியின் உண்மையான பெயர் அந்தத் தாளில்தான் எழுதியிருக்கும்.